வலேரியனா, அகிராவா, அலிட்டாவா, ஸ்னோபியர்சரா: உங்கள் திரைக்கு எது பொருந்தும்?

காமிக்ஸிலிருந்து எடுத்த அறிவியல் புனைகதைப் படம் ஒன்று பார்க்க வேண்டும், அதுவும் காட்சிகளுக்காகவே பேசப்படுகிற படமாக இருக்க வேண்டும், ஒரு ராத்திரிதான் நேரம் இருக்கிறது, எதைப் போடலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது எதில் பார்க்கப் போகிறீர்கள் என்பதைத்தான். ப்ரொஜெக்டரா, பெரிய டிவியா, லேப்டாப்பா? இது தெரியாமல் சிபாரிசு செய்வதில் அர்த்தமில்லை. ஒரே படத்தை ஒருவர் பிரமாதம் என்கிறார், இன்னொருவர் அரை மணி நேரம்கூட உட்கார முடியவில்லை என்கிறார், விசாரித்தால் முன்னவர் தியேட்டரில் பார்த்திருப்பார், பின்னவர் போனில் பார்த்திருப்பார். ரசனை வேறுபாடும் உண்டுதான், ஆனால் இந்த வகைப் படங்களில் திரை செய்கிற வேறுபாடு அதைவிடப் பெரியது.

நான்கு படங்களை எடுத்துக்கொள்கிறேன். லூக் பெசோனின் ‘வலேரியன்’ (2017), கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ (1988), ராபர்ட் ரோட்ரிகஸின் ‘அலிட்டா: பேட்டில் ஏஞ்சல்’ (2019), போங் ஜூன்-ஹோவின் ‘ஸ்னோபியர்சர்’ (2013). முதலும் கடைசியும் பிரெஞ்சு காமிக்ஸிலிருந்து வந்தவை, நடுவில் உள்ள இரண்டும் ஜப்பானிய மங்காவிலிருந்து. நான்குமே காட்சிக்காகப் பாடுபட்ட படங்கள். ஆனால் நம் கண்ணை எங்கே நிறுத்துகின்றன என்பதில் நான்கும் நான்கு விதம். வலேரியனில் கூட்டம், அகிராவில் வேகம், அலிட்டாவில் ஒரு முகம், ஸ்னோபியர்சரில் ஒரு ரயில் பெட்டி.

வலேரியனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசைப்பட்டுப் போட்டு ஏமாந்துபோகிறவர்கள் அதிகம் இருப்பது இந்தப் படத்துக்குத்தான், அந்த ஏமாற்றத்தில் பாதி தவிர்க்கக்கூடியது. பியர் கிறிஸ்தான் எழுதி ழான்-க்ளோத் மெசியேர் வரைந்த இந்தக் காமிக்ஸ் 1967-ல் ‘பிலோட்’ இதழில் தொடங்கியது. பெசோன் சிறுவனாக இருந்தபோதே அதைப் படித்து வளர்ந்தவர். 1997-ல் அவர் எடுத்த ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ படத்துக்கு மெசியேரே வடிவமைப்பு செய்துகொடுத்தார், அந்தப் படத்தில் நகரத்துக்கு மேலே பறக்கிற டாக்சி அவர் கையிலிருந்து வந்ததுதான். இருபது வருடம் கழித்து வலேரியனையே படமாக்கியபோது 2,700-க்கும் அதிகமான ஷாட்களில் விஷுவல் எஃபெக்ட்ஸ் இருந்தன. எண்ணிக்கையைச் சொல்வது மலைக்க வைப்பதற்காக இல்லை. இந்தப் படத்தில் நடிகர்களுக்குப் பின்னால் இருப்பது பின்னணி கிடையாது, அதுதான் படமே.

தொடக்கத்தையே பாருங்கள். 1975-ல் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்வெளியில் இணைந்து இரு நாட்டு வீரர்களும் கைகுலுக்கிய நிகழ்ச்சியில் ஆரம்பித்து, அப்புறம் ஒவ்வொரு நாட்டுக் குழுவாக வந்து விண்வெளி நிலையத்தில் சேர்கிறார்கள், கைகுலுக்கல் தொடர்கிறது, ஆண்டுகள் நூற்றாண்டுகளாகின்றன, திடீரென்று கதவைத் திறந்துகொண்டு நிற்பது மனிதன் இல்லை. வேற்றுக் கோள்வாசிகள் ஒரு இனம் போக இன்னொரு இனமாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் உடல் வேறு, கை வேறு, அதனால் கைகுலுக்கும் விதமும் வேறு. வரவேற்கிற மனிதர் ஒவ்வொரு முறையும் கையை நீட்டுவதற்கு முன் அரை நொடி தயங்குகிறார். டேவிட் போவியின் பாட்டு மட்டும் ஓடுகிறது, வசனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சில நிமிடங்களில் ஒரு நாகரிகத்தின் வரலாறு சொல்லி முடிந்துவிடுகிறது. இதற்கு இணையான தொடக்கம் இந்த நான்கில் வேறு எதிலும் இல்லை.

அடுத்து அந்தச் சந்தை. பாலைவனத்தில் சுற்றுலாக் கூட்டம் ஒன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெறும் மணலில் தடவித் தடவி நடக்கிறது. கண்ணாடிக்குள் அவர்கள் பார்ப்பது வேறொரு பரிமாணத்தில் இருக்கிற, அடுக்கடுக்காகக் கீழே இறங்கிக்கொண்டே போகிற கடைத்தெரு. நாயகன் தன் கையை ஒரு பெட்டிக்குள் விடுகிறான், கை அந்தப் பக்கச் சந்தையில் இருக்கிறது, உடம்பு இந்தப் பக்க மணலில் நிற்கிறது. அப்படியே சண்டையும் துரத்தலும் நடக்கின்றன. எந்த ஷாட்டில் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை வெளிச்சத்தையும் நிறத்தையும் வைத்தே நாம் புரிந்துகொள்ள வேண்டும், ஓரத்தில் நடப்பதையும் பிடிக்க வேண்டும். பெரிய திரையில் இது தானாக நடக்கும், மூளை தனியாக உழைக்க வேண்டியதில்லை. சின்னத் திரையில் ஓரத்தில் இருப்பவை எல்லாம் புள்ளிகளாகச் சுருங்கி, காட்சி ஒரு நிறக்குழம்பாகத் தெரியும். அப்புறம் குழப்பமான படம் என்று பெயர் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலேரியனும் அலிட்டாவும் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 2.39-க்கு 1 என்ற அகன்ற சட்டத்தில் எடுத்தவை. வழக்கமான டிவியில் போட்டால் மேலும் கீழும் கருப்புப் பட்டை விழுந்து திரையின் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி காணாமல் போய்விடும். அகிராவும் ஸ்னோபியர்சரும் 1.85-க்கு 1, டிவியை ஏறத்தாழ நிறைத்துவிடும். அதாவது உங்கள் 43 அங்குல டிவி, அகிராவுக்கு 43 அங்குலமாகவே இருக்கும், வலேரியனுக்கு அதைவிடச் சின்னதாகிவிடும். கூட்டத்தைக் காட்டுகிற படத்துக்கே இடம் குறைகிறது.

வலேரியனின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் சீண்டிப் பேசிக்கொள்கிற வசனங்களில் உயிர் குறைவு, இருவருக்கும் இடையே காதல் இருக்கிறது என்று நம்மிடம் சொல்கிறார்கள், நமக்கு அது தெரியவில்லை. இரண்டாம் பாதியில் கதை வழிமாறி வழிமாறிப் போகிறது. 137 நிமிடம். திரை பெரிதாக இருந்தால் இந்தக் கிளைப் பயணங்கள் எல்லாம் இன்னொரு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பமாக மாறிவிடும். திரை சின்னதாக இருந்தால் மிஞ்சுவது அந்த வசனங்கள் மட்டும்தான். அதனால் என் தீர்ப்பு கறாரானது: ப்ரொஜெக்டரோ, 55 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவியோ, இருட்டான அறையோ கிடைக்காத ராத்திரியில் வலேரியனைத் தொட வேண்டாம், கிடைக்கிற ராத்திரியில் நான்கில் முதலில் இதைத்தான் போட வேண்டும். எங்காவது மறுவெளியீடாகத் தியேட்டரில் வந்தால் யோசிக்காமல் போய்விடுங்கள்.

அகிரா வேறு வகை. ஓட்டோமோ தானே வரைந்த மங்காவைத் தானே இயக்கினார். மங்கா 1982-ல் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது, படம் 1988-லேயே வந்துவிட்டது. கையால் வரைந்து வண்ணம் தீட்டிய செல்லுலாய்டு தாள்கள் மட்டும் 1,60,000-க்கும் மேல். அக்கால ஜப்பானிய அனிமேஷனில் பெரும்பாலும் வாயசைவை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் குரல் சேர்ப்பார்கள், இதில் குரலை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ப உதடுகளை வரைந்தார்கள். அந்த உழைப்பு எதில் தெரிகிறது என்றால் வேகத்தில். இரவு நேர நெடுஞ்சாலையில் பைக்குகள் திரும்பும்போது பின்விளக்கின் சிவப்பு, பைக் போன பிறகும் காற்றில் ஒரு கோடாக நின்று மெதுவாக மங்குகிறது. பைக்கைப் பார்க்காமல் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தாலே வண்டி எவ்வளவு சாய்ந்தது, எங்கே வேகம் கூடியது என்பது தெரிந்துவிடும்.

கோட்டோவியம் என்பதால் சின்னத் திரையிலும் அகிரா கலங்காது. ஒவ்வொரு உருவத்துக்கும் தெளிவான விளிம்பு இருக்கிறது, லேப்டாப்பில் போட்டாலும் எது என்னவென்று தெரியும். அதற்குக் கேட்பது வேறு இரண்டு: இருட்டும் ஒலியும். படத்தின் பெரும்பகுதி ராத்திரியில் நடக்கிறது. ஒரே இரவுக்குள் நீலம், பச்சை, ஊதா என்று பல இரவுகளை வரைந்திருக்கிறார்கள், அறையில் ட்யூப்லைட் எரிந்தால் அத்தனையும் ஒரே கருப்பாகத் தெரியும். இசை கெய்னோ யமாஷிரோகுமி என்ற குழுவுடையது. இந்தோனேசிய கமெலான் தாளமும் ஜப்பானிய நோ நாடகக் குரலும் கலந்து, மனிதர்கள் மூச்சுவிடுகிற சத்தமே தாளமாக வருகிற இசை. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்பது பாவம். நல்ல ஹெட்போன் ஒன்று இருந்து பெரிய டிவி இல்லை என்றால் கேள்வியே வேண்டாம், அகிராதான்.

கதை புரியுமா என்று கேட்டால், முதல் முறை முழுதாகப் புரியாது. 2,000 பக்கங்களுக்கு மேல் போகிற மங்காவை 124 நிமிடத்துக்குள் அடைத்திருக்கிறார்கள், பாத்திரங்கள் வந்து நாம் பெயரைப் பிடிப்பதற்குள் போய்விடுகிறார்கள். ஆனாலும் வலேரியனில் இருக்கிற தொய்வு இதில் கிடையாது, புரியாத இடத்திலும் படம் நம்மை விடாமல் இழுத்துக்கொண்டே போகும். அனிமேஷன் என்பதால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வன்முறை கடுமையாக இருக்கும், கடைசிப் பகுதியில் ஒருவனுடைய உடம்பு கட்டுப்பாடில்லாமல் வீங்கிப் பெருகுகிற காட்சி பெரியவர்களையே ஆட்டிவிடும்.

அலிட்டாவை நான் வீட்டில் பார்க்க மிகப் பாதுகாப்பான தேர்வு என்பேன். யுகிட்டோ கிஷிரோவின் மங்கா 1990-ல் தொடங்கியது, ஜேம்ஸ் கேமரூன் பல வருடம் கையில் வைத்திருந்து, கடைசியில் தான் தயாரிப்பாளராக நின்று ரோட்ரிகஸை இயக்க வைத்தார். ரோசா சலசார் நடித்ததைப் பதிவு செய்து அதன்மேல் முழுக்க முழுக்கக் கணினியில் உருவாக்கிய முகம் அது, கண்கள் மங்காவில் இருப்பது போலவே அளவுக்கு மீறிப் பெரியவை. ட்ரெய்லர் வந்தபோது அந்தக் கண்களைப் பலர் பரிகசித்தார்கள். படத்தில் அந்தக் கண்கள்தான் எல்லாம். நினைவு எதுவும் இல்லாமல் கண்விழித்த அவள் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுக்கிறார்கள். தோலோடு கடிக்கிறாள். கசப்பு முகத்தில் ஏறுகிறது, தோலை உரிக்க வேண்டும் என்று தெரிந்து சுளையைச் சாப்பிட்டதும் முகம் மலர்கிறது. கண் விரிவதும் புருவம் ஏறுவதும் கன்னம் நகர்வதும் தனித்தனியாகத் தெரிகின்றன, ஆனால் எந்த இடத்திலும் இது கணினி செய்தது என்ற நினைப்பு வருவதில்லை.

முகம் திரையை நிறைத்து நிற்பதால் 32 அங்குல டிவியில்கூட இந்தப் படம் தாங்கும். மோட்டார்பால் என்ற அந்தச் சக்கரக்கால் பந்தயம் மட்டும் பெரிய திரையைக் கேட்கும். 3டி-யில் பார்க்க ஒரு வழி இருந்தால் நான்கில் அதற்குத் தகுதியானது அலிட்டாதான். பிறகு மாற்றியமைக்காமல் 3டி கேமராவிலேயே எடுத்த படம் என்பதால் ஆழம் இயல்பாக இருக்கிறது. 3டி டிவிகளைப் பெரிய நிறுவனங்கள் 2017 வாக்கிலேயே கைவிட்டுவிட்டதால் இப்போது வீட்டில் அதற்குள்ள வழி 3டி ப்ரொஜெக்டரோ, விஆர் ஹெட்செட்டோதான். ஹெட்செட்டில் பார்ப்பதற்காக மெனக்கெட வேண்டாம், 122 நிமிடமும் அந்த எடை மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும். குறை என்றால் கதை நடுவழியில் நின்றுவிடுகிறது. அடுத்த பாகத்துக்கான வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் படம் முடிகிறது, முழுமையான முடிவு வேண்டுகிறவர்களுக்கு அது உறுத்தும்.

ஸ்னோபியர்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நான்கில் கதை வலுவானது அதுதான், அதனால் தேர்வும் சுலபம். ழாக் லோப் எழுதி ழான்-மார்க் ரோஷெட் கருப்பு வெள்ளையில் வரைந்த காமிக்ஸ், 1980-களின் தொடக்கத்தில் வந்தது. உலகம் உறைந்துபோய், மிச்சமிருக்கிற மனிதர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரே ரயிலில், கடைசிப் பெட்டியில் ஏழைகள், முன்னால் போகப் போகப் பணக்காரர்கள். செக் குடியரசின் பிராக் நகரில் உள்ள பராண்டோவ் ஸ்டுடியோவில் பெட்டிகளை உண்மையாகவே கட்டி, ரயில் போல அவை ஆடும்படி அமைத்து எடுத்தார்கள். இயந்திரம் எப்போதும் திரையின் வலப்பக்கம், வால் எப்போதும் இடப்பக்கம். ஒருவன் வலப்பக்கம் நகர்ந்தால் முன்னேறுகிறான், இடப்பக்கம் திரும்பினால் பின்வாங்குகிறான் என்பது வசனம் இல்லாமலே விளங்கிவிடுகிறது. சட்டம் குறுகலானது, பார்க்க வேண்டியது எல்லாம் நடுவிலேயே இருக்கிறது. அதனால் லேப்டாப்பில் பார்ப்பவருக்கும் நஷ்டம் குறைவு. வால்பெட்டியில் ஒருவர் சக பயணிகளின் முகங்களை வரைந்துகொண்டே இருப்பார், அந்தச் சித்திரங்களை வரைந்த கை ரோஷெட்டுடையதுதான். சுரங்கப்பாதைக்குள் ரயில் நுழைந்து முழு இருட்டாகும்போது நடக்கிற கோடரிச் சண்டை மட்டும் இருட்டறையைக் கேட்கும். அதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சத்தம்தான் கேட்கும், சண்டை தெரியாது.

படத்தை முடிவு செய்த பிறகும் ஒரு பத்து நிமிட வேலை இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். டிவி அமைப்புகளுக்குள் போய் அசைவை வழவழப்பாக்குகிற வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, அசைவு என்ற பொருள் வருகிற பெயரைத் தேடினால் கிடைத்துவிடும், பல டிவிகளில் சினிமாவுக்கென்று இருக்கிற பட அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலே அது குறைந்துவிடும். நொடிக்கு 24 சட்டங்களாக (ஃப்ரேம்களாக) எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாக ஊகித்துப் புதுச் சட்டங்களைச் செருகுவதுதான் அந்த வசதி. அகிராவில் இது செய்கிற கேடு மன்னிக்க முடியாதது, ஓவியர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை இயந்திரம் நிரப்பிக் கோட்டைக் குழைத்துவிடுகிறது. அப்புறம் நாற்காலியை முன்னால் இழுங்கள். திரையின் மூலைவிட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் உட்கார்ந்தால்தான் படம் கண்ணை நிறைக்கும். 55 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 2 மீட்டர். பெரும்பாலான வீடுகளில் சோபா அதைவிடப் பின்னால்தான் கிடக்கிறது, ஒரு ராத்திரிக்கு நகர்த்துவதில் தவறில்லை.

டிஸ்க்கா, ஸ்ட்ரீமிங்கா என்றால் வலேரியனுக்கும் அகிராவுக்கும் டிஸ்க் கிடைத்தால் டிஸ்க். ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று வருவது பெரும்பாலும் நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் தரவு வரை, 4கே டிஸ்க்கில் அது 100-ஐக்கூடத் தொடும். வித்தியாசம் பளிச்சென்ற காட்சிகளில் அதிகம் தெரியாது, இருட்டில்தான் தெரியும்: வானத்தின் நீலம் படிப்படியாக மங்குவதற்குப் பதில் பட்டை பட்டையாக உடையும், புகைக்குள் சதுரங்கள் மிதக்கும். அலிட்டாவுக்கும் ஸ்னோபியர்சருக்கும் ஸ்ட்ரீமிங்கே போதும்.

சப்டைட்டிலா டப்பிங்கா என்பதில் எனக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு சப்டைட்டில் வரியும் கண்ணை ஒரு நொடி, ஒன்றரை நொடி கீழே இழுக்கிறது. வலேரியனில் அந்த ஒரு நொடியில் மேலே பத்துப் பேர் கடந்துபோயிருப்பார்கள். அதனால் வலேரியனை உங்களுக்கு எந்த மொழி சப்டைட்டில் இல்லாமல் புரியுமோ அந்த மொழியில் பாருங்கள், வசனம் அங்கே இழப்பதற்குப் பெரிய பொருள் இல்லை. அகிராவில் குரலுக்கு ஏற்பத்தான் வாயே வரையப்பட்டது என்பதால் ஜப்பானிய மொழிதான் சரி, ஓட்டமும் துரத்தலும் நடக்கிற இடங்களில் வசனம் குறைவு, சப்டைட்டில் பெரிதாகக் குறுக்கே வராது. ஸ்னோபியர்சரில் ஆங்கிலமும் கொரிய மொழியும் கலந்து வருகின்றன, ஒருவர் பேசுவதை இன்னொருவர் கருவி வைத்து மொழிபெயர்த்துக் கேட்பது கதையிலேயே இருக்கிறது, டப்பிங்கில் எல்லோரும் ஒரே மொழி பேசினால் அது விளங்காது.

கடைசியாக, காமிக்ஸை முன்னால் படிப்பதா பின்னால் படிப்பதா. நான்குக்கும் பின்னால் என்பதே என் பதில், வலேரியனுக்கு அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். படம் பெரும்பாலும் 1975-ல் வந்த ‘நிழல்களின் தூதர்’ என்கிற ஆல்பத்தை அடிப்படையாகக் கொண்டது. அந்த ஆல்பத்தில் வலேரியன் ஆரம்பத்திலேயே கடத்தப்பட்டுவிடுகிறான், அந்த மாபெரும் நிலையத்தின் சந்து பொந்தெல்லாம் அலைந்து, பேரம் பேசி, துப்புத் துலக்கி அவனைத் தேடுவது நாயகி லோரலின். கதையை நடத்துகிறவளே அவள்தான். படம் அவளைத் தலைப்பிலிருந்தே விட்டுவிட்டது. காமிக்ஸ் தொடரோ 2007-ல் தன் பெயரை ‘வலேரியனும் லோரலினும்’ என்று மாற்றிக்கொண்டுவிட்டது. ஆல்பத்தை முன்னால் படித்துவிட்டால் இரண்டேகால் மணி நேரமும் இந்தக் குறைதான் கண்ணில் நிற்கும், சந்தையும் கைகுலுக்கலும் ஓரத்துக்குப் போய்விடும். படம் முடிந்த மறுநாள் படியுங்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். அகிராவில் நிலைமை இன்னும் நல்லது: படம் முடிகிற இடத்தைத் தாண்டி மங்கா எங்கெங்கோ போகிறது, பின்பாதியின் பெரும்பகுதி படத்தில் கிடையாது, அதனால் முதல் தொகுதியிலிருந்தே தொடங்கினாலும் பழைய கதையைத் திரும்பப் படிக்கிற அலுப்பு வராது. அலிட்டா நடுவழியில் விட்டுவிட்டதே என்று தோன்றினால் கிஷிரோவின் மங்காவை எடுங்கள், மீதிக் கதை அங்கே இருக்கிறது.